அது கள்ளச் சபையா? எதை வைத்துச் சொல்வது?

(வானொலியில் நாம் வழங்கிய மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



"சாமி, என் மகள் போகிற செபக்கூட்டம் நல்லதா, இல்லை கள்ளச் சபையா?" இந்தக் கேள்வியோடு பங்கு இல்லத்துக்கு வருபவர் பெரும்பாலும் ஒரு தாய். மகள் வேலைக்காக வெளியூர் போயிருப்பாள். விடுதியில் உடன் தங்கும் தோழி ஒருநாள் கூட்டத்துக்கு அழைத்துப் போயிருப்பாள். ஆறு மாதம் கழிகிறது. மகள் செபமாலையைக் கழற்றி வைத்துவிட்டாள். பாட்டியின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வரவில்லை. சம்பளம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் இல்லை. தாய் நம்மிடம் எதிர்பார்ப்பது ஒரே ஒரு சொல்: ஆம், அல்லது இல்லை.

அந்த ஒரு சொல்லை நாம் உடனே சொல்வதில்லை. அவர் ஒரே மூச்சில் சொன்ன மூன்று செய்திகளும் ஒரே இனம் அல்ல. செபமாலையை விட்டது கோட்பாடு சார்ந்தது. சம்பளம் காணாமல் போவது நடத்தை சார்ந்தது. பாட்டியின் திருப்பலிக்கு வராதது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். "இறந்தோருக்காகச் செபிக்கக்கூடாது" என்று அவளே நம்பத் தொடங்கியிருக்கலாம். அல்லது, "உன் வீட்டாரோடு சேராதே" என்று யாரோ கட்டளை இட்டிருக்கலாம். முதலாவது என்றால் நாம் வருந்துவோம். இரண்டாவது என்றால் அஞ்ச வேண்டும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அவர்கள் போதிப்பது திருத்தூதர்கள் வழிவந்த விசுவாசமா? அவர்கள் மனிதரை நடத்தும் விதம் நேர்மையானதா? நம் முன்னோர் முதற் கேள்வியில் தவறியதைத் 'தப்பறை' என்றார்கள். இன்றைய இளையோர் 'கல்ட்' என்று சொல்வது இரண்டாம் கேள்வியில் தவறியதை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பக்கத்துத் தெருவில் இருக்கும் நல்ல மனிதர்களைக் கள்ளச் சபை என்று ஏசுகிறோம். நம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் அடிமைத்தனத்தைக் காணாமல் விட்டுவிடுகிறோம்.

முதற் கேள்வியை விரைவாகவே பார்த்துவிடுவோம். 1964-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றி வெளியிட்ட ஏடு, பிற சபைகளில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்துவை நம்புவோரை நம் சகோதரர்களாக ஏற்கச் சொல்கிறது. தென்னிந்தியத் திருச்சபையோ, லூத்தரன் சபையோ, பெந்தகோஸ்து சபையோ, நற்கருணை பற்றியும் மரியன்னை பற்றியும் திருத்தந்தையின் பணி பற்றியும் அவர்கள் சொல்வதோடு நமக்கு உடன்பாடில்லாமல் இருக்கலாம். அந்த வேறுபாடு சிறியதல்ல. அதற்காக நற்கருணையை இழப்பது பெரும் இழப்பு என்று நாம் தயங்காமல் சொல்வோம். ஆனால் அவர்களைக் கள்ளர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. நம்மைச் சாராத ஒருவர் இயேசுவின் பெயரால் பேய் ஓட்டுவதைக் கண்டு யோவான் தடுக்கப் பார்த்தபோது, ஆண்டவர் யோவானைத்தான் தடுத்தார் (மாற் 9:38-40).

கைதட்டிப் பாடுவதும், பரவசப் பேச்சும், வெள்ளை உடையும், நகை அணியாததும் எதையும் நிரூபிப்பதில்லை. நம் அருள்சகோதரிகள்கூட நகை அணிவதில்லையே!

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். இதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு தொலைவில் உள்ள ஒரு நாட்டில் நடந்தது. ஆனால் கத்தோலிக்கரான நமக்கு அது மிக அருகில் இருக்கிறது.

உகாண்டா நாட்டின் தென்மேற்கில் கனுங்கு என்றொரு ஊர். 2000-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் அங்கிருந்த ஒரு செபக்கூடம் தீப்பற்றி எரிந்தது. கதவு சன்னல்கள் ஆணி அடித்து மூடப்பட்டிருந்தன. உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள்; அவர்களில் குழந்தைகள் பலர். முதலில் இதைக் கூட்டுத் தற்கொலை என்றார்கள். பிறகு அந்த இயக்கத்துக்குச் சொந்தமான வேறு இடங்களைத் தோண்டியபோது, அதற்கு முன்பே கொன்று புதைக்கப்பட்டவர்களின் உடல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. இறந்தோர் மொத்தம் 700-க்கும் மேல்.

அந்த இயக்கத்தின் பெயர் என்ன தெரியுமா? கடவுளின் பத்துக் கட்டளைகளை மீட்டெடுக்கும் இயக்கம். பெயரைக் கேட்டால் எந்தப் பங்குத்தந்தையும் முதலில் மகிழத்தானே செய்வார்! அதைத் தொடங்கியவர்கள் கத்தோலிக்கர். கிரெடோனியா முவெரிண்டே என்ற பெண் மரியன்னையின் காட்சி தனக்குக் கிடைப்பதாகச் சொன்னார். சோசப் கிப்வெத்தேரே ஊரில் மதிப்புப் பெற்ற கத்தோலிக்கர். தோமினிக் கத்தாரிபாபோ அமெரிக்காவில் படித்த குரு. பின்னர் திருச்சபையின் தண்டனைக்கு ஆளானவர். அவர்கள் செபமாலை சொன்னார்கள், நோன்பு இருந்தார்கள். "உலகம் கெட்டுப்போயிற்று, கட்டளைகளுக்குத் திரும்புங்கள்" என்றார்கள். இதில் எந்த வாக்கியத்தில் தப்பறை இருக்கிறது?

ஆகவே கோட்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் தொடக்கத்தில் பிடிபட்டிருக்காது. நடத்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். உறுப்பினர்கள் சொத்தை விற்றுப் பணத்தைத் தலைவர்களிடம் கொடுத்தார்கள். பொய்ச்சான்று சொல்லிவிடக்கூடாது என்ற காரணம் காட்டிப் பேச்சையே தடை செய்து, கைச்சாடையால் பேச வைத்தார்கள். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத இடத்தில் ஐயம் எப்படி வெளியே வரும்? 1999 திசம்பர் 31-ஆம் நாள் உலகம் முடியும் என்றார்கள். முடியவில்லை. கொடுத்த சொத்தைச் சிலர் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள் என்பது தப்பியவர்களும் விசாரித்தவர்களும் சொன்ன செய்தி. புதிய நாள் ஒன்று குறிக்கப்பட்டது. முந்தைய இரவில் மாடடித்து விருந்து வைத்தார்கள்.

இப்படியான முடிவுகள் அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978 நவம்பர் 18-இல் கயானா நாட்டில் சிம் சோன்சு என்பவரின் மக்கள் ஆலயத்தைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் இறந்தார்கள். 2023-இல் கென்யாவின் சகாகோலா காட்டில் 400-க்கும் மேற்பட்ட உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பட்டினி கிடந்து இயேசுவைச் சந்திக்கப் போதித்ததாக ஒரு போதகர்மேல் வழக்கு நடக்கிறது. அவர் குற்றத்தை மறுத்திருக்கிறார். உலகம் அறிந்தவை இவை. ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது சாவு அல்ல. பாழாய்ப்போன திருமணம், கைவிட்ட படிப்பு, அடகு போன வீடு, நிறுத்திய மருந்து. செய்தித்தாளில் வராத அழிவுகள் இவை. அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே.

நாம் முதலில் வைக்கும் அளவுகோல் வெளியேறும் வாசல். உள்ளே வரும் வாசல் எல்லாச் சபையிலும் அகலமாகத்தான் இருக்கும். வெளியே போகிறவருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கப்பர்நாகூமில் இயேசு வாழ்வு தரும் உணவு பற்றிப் பேசியபோது சீடர் பலர், இந்தப் பேச்சைத் தாங்க முடியாது என்று விலகிப் போனார்கள். ஆண்டவர் பின்னால் ஓடவில்லை, சபிக்கவில்லை, 'உங்கள் பிள்ளைக்கு ஏதாவது நேரும்' என்று மிரட்டவில்லை. பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்றுதான் கேட்டார் (யோவா 6:60-67). கடவுளின் மகனே திறந்து வைத்த வாசலை ஒரு போதகர் பூட்டலாமா? போனவரோடு பேசாதே, அவர் வீட்டுத் திருமணத்துக்குப் போகாதே, அவருக்கு வந்த நோய் அவர் நம்மை விட்டுப் போனதற்குத் தண்டனை என்றெல்லாம் ஓரிடத்தில் சொல்லப்பட்டால், அங்கே அதற்குமேல் ஆராய நமக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்து, கேள்வி கேட்கும் உரிமை. பெரோயா ஊரார், பவுல் சொன்னதையே மறைநூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காகத் திருத்தூதர் பணிகள் நூல் அவர்களைப் பாராட்டுகிறது (திப 17:11). அந்தியோக்கியாவில் பவுல் பேதுருவை நேருக்கு நேர் எதிர்த்தார் (கலா 2:11). முதல் திருத்தந்தையையே எதிர்த்துப் பேச முடிந்தது என்றால், ஒரு செபக்குழுத் தலைவரிடம் "ஏன்?" என்று கேட்பது தூய ஆவிக்கு எதிரான பாவம் ஆகாது. "ஆண்டவரால் அபிசேகம் பெற்றவரைத் தொடாதே" என்று சவுல் அரசனைப் பற்றிய செய்தியை எடுத்து வாயடைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தாவீது சவுலைக் கொல்ல மறுத்தார், உண்மை. ஆனால் சவுல் செய்த தவற்றை முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அதை ஏன் வாசிப்பதில்லை? நம் திருச்சபைச் சட்டம் 212-ஆம் எண்ணில், தங்கள் கருத்தை ஆயர்களுக்கும் குருக்களுக்கும் தெரிவிக்கும் உரிமையும், சில வேளைகளில் கடமையும் இறைமக்களுக்கு உண்டு என்று எழுதி வைத்திருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 'திதாக்கே' என்றொரு பழைய நூல் உண்டு. பன்னிரு திருத்தூதரின் படிப்பினை என்பார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்தது. பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்து, 1873-இல் கான்ஸ்தாந்தினோபிளில் ஒரு கையெழுத்துப் படியாகக் கிடைத்தது. அந்நாளில் ஊர் ஊராகச் சுற்றும் போதகர்கள் இருந்தார்கள். உண்மையானவர் யார், போலி யார் என்று எளிய மக்கள் எப்படி அறிவது? அந்நூல் இறையியல் தேர்வு வைக்கவில்லை. வந்தவர் ஒருநாள் தங்கட்டும், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் உட்கார்ந்திருந்தால் போலி. புறப்படும்போது வழிக்கு உணவு கொடுங்கள். பணம் கேட்டால் போலி. ஆவியின் ஏவுதலால் விருந்து வைக்கச் சொல்லி அதைத் தானே உண்டால், அவரும் போலி. எவ்வளவு நகைச்சுவையும் அனுபவமும் கலந்த நூல் பாருங்கள்! பல போதகர்களைக் கண்டு அலுத்துப்போன ஒரு கிராமத்துப் பெரியவர் எழுதியது போல இருக்கிறது.

காணிக்கை கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. நாமும்தான் கேட்கிறோம். கோவிலுக்கு மின்கட்டணம் உண்டு, உபதேசியாருக்குச் சம்பளம் உண்டு. வேறுபாடு இரண்டு இடத்தில். கொடுக்காதவர்மேல் அச்சம் ஏற்றப்படுகிறதா? கொடுத்ததற்குக் கணக்கு உண்டா? அனனியாவின் கதையை எடுத்து அச்சுறுத்துவோர் உண்டு. அந்தப் பகுதியை முழுமையாக வாசியுங்கள். நிலம் விற்கும் முன்பும் அது உன்னுடையதுதான், விற்ற பின்பும் பணம் உன் உரிமையில்தான் இருந்தது என்று பேதுரு தெளிவாகச் சொல்கிறார் (திப 5:4). அனனியா தண்டிக்கப்பட்டது பொய்க்காக, கொடுக்காததற்காக அல்ல. எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல், யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்று வேறு சகோதரர்களையும் கூட அனுப்பினார் (2 கொரி 8:18-21). நம் பங்குகளில் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537-ஆம் எண் சொல்கிறது. இறைமக்கள் கொடுத்த காணிக்கைக்கு அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ஆம் எண். இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. உங்கள் பங்கில் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்படாவிட்டால், பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள்.

அடுத்த அளவுகோல் நம்மில் பலர் நினைக்காதது: இரகசியங்களை என்ன செய்கிறார்கள்? சீனாவில் மூளைச்சலவைக்கு ஆளானவர்களை ஆராய்ந்து 1961-இல் நூல் எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் சே லிஃப்டன், மனிதரை முழுக் கட்டுப்பாட்டில் வைக்கும் குழுக்களின் எட்டு அடையாளங்களைச் சொன்னார். அவற்றுள் ஒன்று, ஓயாமல் பாவ அறிக்கை செய்ய வைப்பது. கேட்டவுடன் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது அல்லவா? ஒப்புரவு அருளடையாளம் நம்மிடமும் இருக்கிறதே! வேறுபாடு இங்கேதான். நம்மிடம் சொல்லப்பட்ட பாவம் அந்த இடத்திலேயே புதைந்துவிடுகிறது. குரு அதை யாரிடமும் சொல்லக்கூடாது. அதோடு, அந்த அறிவைப் பயன்படுத்தி உங்களை நிர்வகிக்கவும் கூடாது. குருமடத்தில் படித்த எங்களுக்கு இது பழக்கமானது. அதிபர் தந்தை வேறு, ஆன்ம குரு வேறு. ஒரு மாணவருக்குத் திருப்பட்டம் கொடுக்கலாமா, வெளியே அனுப்பலாமா என்று முடிவெடுக்கும்போது ஆன்ம குருவிடம் கருத்துக் கேட்கவே கூடாது. துறவற சபைகளிலும், உன் மனச்சான்றைத் திறந்து காட்டு என்று தலைவர் தூண்டுவதைச் சட்டம் தடுக்கிறது (எண் 630). அதிகாரம் உள்ளவர் கையில் உங்கள் இரகசியம் சேரக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

கள்ளக் குழுக்களில் இந்தச் சுவர் இருக்காது. நேற்று ஆலோசனை என்று அழுது சொன்னது, இன்று மேடையில் 'இறைவாக்காக' வரும். "இங்கே ஒரு சகோதரி கணவருக்குத் தெரியாமல்..." என்று போதகர் தொடங்குவார், கூட்டம் வியக்கும், அந்தச் சகோதரி மட்டும் நடுங்குவார். பிறகு எப்படி அவர் வெளியேறுவார்?

குடும்பம், மருந்து, உலக முடிவு. இம்மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறோம். கடவுளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடும் 'கொர்பான்' வழக்கத்தை இயேசு கண்டித்தார் (மாற் 7:9-13). இன்சுலின் ஊசியையோ காசநோய் மாத்திரையையோ வலிப்பு மருந்தையோ நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும், அவர் கத்தோலிக்கத் தியானம் நடத்துபவராகவே இருந்தாலும், அவர் சொல்லுக்குக் கீழ்ப்படியக் கூடாது. உலக முடிவுக்கு நாள் குறிப்பவரைப் பற்றி ஆண்டவரே ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார் (மத் 24:36).

இதுவரை கேட்டவர்களில் சிலர், "நல்லவேளை, நாம் கத்தோலிக்கர்" என்று மூச்சு விட்டிருக்கலாம். அந்த மூச்சைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். நம் திருச்சபைக்குள்ளேயே இந்த நோய் வந்திருக்கிறது. 1941-இல் மெக்சிகோவில் மார்சியல் மாசியேல் என்பவர் தொடங்கிய 'கிறிஸ்துவின் படையணி' என்னும் துறவற சபையில் ஒரு தனி வாக்குறுதி இருந்தது: தலைவரைக் குறை சொல்வதில்லை, குறை சொல்பவரைக் காட்டிக் கொடுப்பது. அவருடைய பாலியல் குற்றங்கள் பல ஆண்டுகள் மூடிக்கிடந்ததற்கு அந்த வாக்குறுதியும் ஒரு காரணம். பாதிக்கப்பட்டவர்கள் 1997-இல் வெளிப்படையாகப் பேசியபோது பலர் நம்பவில்லை. 2006-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் பொதுப்பணியிலிருந்து விலக்கினார். அந்த வாக்குறுதியையும் நீக்கினார். பெரு நாட்டில் 1971-இல் தொடங்கிய சொடாலிசியோ என்னும் அமைப்பு, உறுப்பினர்களை உடலாலும் மனத்தாலும் வதைத்த குற்றங்களுக்குப் பிறகு 2025-இல் திருத்தந்தை பிரான்சிசால் கலைக்கப்பட்டது. இவ்விரண்டிலும் கோட்பாட்டில் பிழை இல்லை. திருப்பலி இருந்தது, மரியன்னை பக்தி இருந்தது, அழைத்தல்கள் நிறைய இருந்தன. கனி கெட்டிருந்தது.

திருச்சபை இதிலிருந்து பாடம் கற்றுச் சட்டமும் இயற்றியது. 2021 சூன் மாதத்தில் வத்திக்கானின் பொதுநிலையினர் துறை வெளியிட்ட ஆணைப்படி, தான் அங்கீகரித்த பன்னாட்டு இயக்கங்களின் மையத் தலைமைப் பொறுப்பில் ஒருவர் ஒரு தவணைக்கு 5 ஆண்டு, தொடர்ந்து 10 ஆண்டுக்குமேல் பொதுவாக இருக்க முடியாது. நல்லவரே ஆனாலும் மாற வேண்டும். நம் பக்தசபைகளில் இருபது ஆண்டாக ஒரே தலைவர் இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறோமே, அதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

காட்சிகள், செய்திகள் பற்றியும் ஒரு சொல். கனுங்குவில் எல்லாம் 'அன்னை சொன்னார்' என்றுதான் தொடங்கியது. திருச்சபை ஏற்றுக்கொண்ட காட்சிகள்கூடத் தனி வெளிப்பாடுகளே. அவை விசுவாசக் களஞ்சியத்தைச் சேர்ந்தவை அல்ல என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 67). லூர்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நாம் அன்போடு போகிறோம். போகாதவர் கத்தோலிக்கர் அல்ல என்று யாரும் சொல்வதில்லை. ஆயரின் ஆய்வுக்கு உட்படாத ஒருவரின் 'செய்தி'க்குக் கீழ்ப்படியாவிட்டால் மீட்பில்லை என்று சொல்லப்படும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, மக்கள் ஏன் போகிறார்கள்? இதற்கும் உரோமை பதில் தேடியிருக்கிறது. 1986-இல் வத்திக்கான் அலுவலகங்கள் சேர்ந்து உலகெங்கும் உள்ள ஆயர்களிடம் கேட்டு, இத்தகைய குழுக்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அதைக் கண்டன ஏடு என்று எதிர்பார்த்துத் திறப்பவர் ஏமாந்துபோவார். அது பெரிதும் பேசுவது மனிதரின் தேவைகளைப் பற்றி: எங்காவது ஒட்டியிருக்க வேண்டும் என்ற ஏக்கம், கேள்விக்குப் பதில், குணம்பெறும் ஆவல், தன்னைத் தனியாக ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்ற விருப்பம், வழிகாட்ட ஒருவர், பொறுப்பில் ஒரு பங்கு. இவற்றைப் பங்கு கொடுக்காதபோது வேறொருவர் கொடுக்கிறார்.

நம் கண்முன் நடப்பதுதான் இது. ஞாயிறு திருப்பலி முடிந்து பத்து நிமிடத்தில் கோவில் வளாகம் காலியாகிவிடுகிறது. புதிதாகக் குடிவந்த குடும்பம் மூன்று மாதம் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போகிறது. பெயர் கேட்பார் இல்லை. திருப்பூரில் பின்னலாடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவரும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், கஞ்சி கொண்டுவந்து கொடுப்பது அந்தச் சபைக்காரர்கள். கைம்பெண் ஒருவர் இரவு பதினோரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவர் அந்தப் போதகர். அவர்களுடைய கஞ்சியை நாம் குறை சொல்லக்கூடாது. அது உண்மையான அன்பாகவே இருக்கலாம். கஞ்சி கொடுத்த பிறகு என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வெளியூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஒரு நல்ல கூடுகையைத் தேடும்போது அவசரப்பட வேண்டாம். முதலில் அந்த ஊரின் பங்குக் கோவிலைக் கண்டுபிடியுங்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் தமிழ்த் திருப்பலி எந்தக் கோவிலில் என்று விசாரித்தால் தெரியும். வளைகுடா நாடுகளிலும் பல பங்குகளில் தமிழ்க் குழுக்கள் உண்டு. திருப்பலியோடு நிற்காமல், அன்பியத்திலோ, இளையோர் இயக்கத்திலோ, மரியாயின் சேனையிலோ, வின்சென்ட் தே பவுல் சபையிலோ ஒன்றில் சேருங்கள். பாடகற்குழுவும் நல்ல வழிதான். பாடத் தெரியாதவர்களையும் அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள் என்பது நம் ஞாயிறு அனுபவம்!

ஏதாவது செபக்குழுவுக்கு அழைப்பு வந்தால், சில வாரம் விருந்தினராகவே போய்ப் பாருங்கள். முதல் நாளே கைப்பேசி எண்ணையும் குடும்பக் கதையையும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தத் தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று கேளுங்கள். அருங்கொடைக் குழு என்றால் மறைமாவட்டப் பணிக்குழுவின் அனுமதி இருக்கும். நடத்துபவர் தம்மைக் குரு என்று சொன்னால், அவரது மறைமாவட்டத்தையோ துறவற சபையையோ விசாரித்து உறுதி செய்யலாம். பிற சபை என்றால் அங்கும் மூப்பர் குழுவோ பேராயமோ இருக்க வேண்டும். "நான் கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்வேன்" என்பது தாழ்ச்சியான பதில் போலத் தோன்றும். அப்படிச் சொல்பவர் யாருக்குமே பதில் சொல்வதில்லை. பிறகு, முன்பு அங்கிருந்து விலகியவர்களைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். "அவர் வேறு சபைக்குப் போகிறார், நன்றாக இருக்கிறார்" என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. முகம் மாறினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விலகிய ஒருவரையே தேடிப்போய்ப் பேசுங்கள். இதைவிட நம்பகமான விசாரணை நமக்குத் தெரிந்தவரை இல்லை.

ஏற்கெனவே பிள்ளை உள்ளே போய்விட்டது என்றால்? தொடக்கத்தில் சொன்ன தாய்க்குத் திரும்புவோம். அம்மா, மகளோடு விவிலிய வசனப் போர் நடத்தாதீர்கள். அங்கே அதற்குத்தான் முதலில் பயிற்சி கொடுக்கிறார்கள், நீங்கள் தோற்பீர்கள். "வீட்டார் உன்னை எதிர்ப்பார்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் கத்தினால் போதகரின் வாக்குப் பலித்ததாக ஆகிவிடும். "எங்கள் கோவிலுக்கு வராவிட்டால் இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று தந்தை சொல்லும் ஒரு வார்த்தை, அந்தக் குழு பல மாதம் பாடுபட்டுச் செய்ய வேண்டியதை ஒரே இரவில் செய்து முடித்துவிடும். வாரம் ஒருமுறை அழையுங்கள். சபையைப் பற்றிப் பேச வேண்டாம்; தம்பியின் தேர்வு, தெருவில் நடந்த திருமணம், வீட்டில் வைத்த மீன்குழம்பு பற்றிப் பேசுங்கள். ஐயம் வரும் நாளில் அவளுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்க இப்போதே வழி செய்து வையுங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் பொறுமை காட்டக்கூடாது. வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் பத்திரமாக வையுங்கள். "விசுவாசத்தில் கையெழுத்திடு" என்று வரும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். குழந்தைக்கு மருத்துவம் மறுக்கப்பட்டாலோ, அடித்தாலோ, பள்ளியிலிருந்து நிறுத்தினாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பாலியல் தொல்லை என்றால் காவல்நிலையம்தான். செய்தவர் போதகரோ, குருவோ, யாராக இருந்தாலும் சரி. 'சபையின் பெயர் கெடும்' என்று தடுப்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

திரும்பி வர விரும்புவோர் பலர் வெட்கத்தால் தயங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறோம். அங்கே மறுபடி தண்ணீரில் மூழ்கி எழுந்திருந்தாலும், நீங்கள் முதலில் பெற்ற திருமுழுக்கு அழிந்துவிடவில்லை. அதை மறுபடி தருவதும் இல்லை. கூட்டத்தின் முன் எழுந்து நின்று எதையும் அறிக்கையிட வேண்டியதில்லை. ஒப்புரவு அருளடையாளத்திலிருந்து தொடங்கலாம். சொந்தப் பங்கில் கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம். அங்கே வைத்துத் திருமணம் முடிந்திருந்தால், அதை ஒழுங்குபடுத்தச் சில எழுத்துவேலைகள் உண்டு. திருமுழுக்குச் சான்றிதழோடு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். மற்றதை நாம் பார்த்துக்கொள்கிறோம்.